எங்கே இருக்கிறான்?

இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் இரவு. எழுத்து வேலையை முடித்துவிட்டு விளக்கை அணைக்கப் போகும் சமயத்தில் வாசல் கதவை யாரோ தட்டினார்கள். திறந்து பார்த்தேன். எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

அவருடைய அக்காள் மகனை மூன்று நாளைக்கு முன் விடியற்காலையில் போலீசார் வீட்டிலிருந்து அழைத்துப் போயிருந்தார்கள். தாயும் தகப்பனும் இல்லாத பையன், இவர்தான் வளர்த்தவர். அன்று முதல் அவனைப் பற்றித் தகவல் இல்லை. நிலையத்தில் போய்க் கேட்டால், 'அப்படி யாரையும் நாங்கள் கொண்டுவரவில்லை' என்கிறார்களாம். 'நீங்கள் எழுதுகிறவர். யாருக்காவது ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்' என்று கேட்க வந்திருந்தார்.

நான் அவரை உட்காரச் சொன்னேன். பிறகு ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்வியை இன்று நினைத்தாலும் எனக்கு நாணமாக இருக்கிறது.

"என்னம்மா, பையன் என்ன செய்தான்?"

அந்த அம்மாள் என்னை ஒரு கணம் பார்த்தார். "அது எனக்குத் தெரியாது சார். தப்புப் பண்ணியிருந்தா கேக்கட்டும், ஜெயில்லே போடட்டும். நான் வேணாங்கலை. இப்ப அவன் எங்கே இருக்கான்? அதை மட்டும் யாராவது சொல்லக் கூடாதா? சாப்பிட்டானா இல்லையான்னுகூடத் தெரியலையே!"

சட்டம் படித்தவர் பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகப் பேசியிருக்க முடியாது என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் அவரை அழைத்துப் போனேன். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். பையனின் பெயர் என்ன? எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள்? அதைக் கண்ணால் பார்த்தவர் யார்? அவ்வளவுதான். பையன் என்ன செய்தான் என்று அவர் கேட்கவே இல்லை. முதலில் மாஜிஸ்திரேட்டுக்கும் போலீஸ் மேலதிகாரிக்கும் தந்திகள் அடிக்கச் சொன்னார். தந்தி இருந்த காலம் அது. அடித்த நேரம் அதிலேயே பதிவாகிவிடும். பிறகு ஹைகோர்ட்டில் போடுவதற்கு ஆட்கொணர்வு மனு தயாராயிற்று. அந்த அம்மாளின் பெயரில் ஒரு பிரமாண வாக்குமூலம். அதன் கீழே அவர் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"ஏன் சார், குற்றம் என்னவென்று நீங்கள் கேட்கவே இல்லையே?" என்றேன் வக்கீலிடம்.

"இந்த மனுவுக்கு அது வேண்டியதில்லை. ஆள் எங்கே, எந்த அதிகாரத்தின் பேரில் பிடித்து வைத்திருக்கிறாய் என்பதுதான் இதில் கேள்வி. மற்றதெல்லாம் வேறு கோர்ட்டு, வேறு நாள்" என்றார்.

இரண்டு நாள் கழித்து மனு விசாரணைக்கு வந்தது. பையனை மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்திச் சிறைக்கு அனுப்பியாகிவிட்டது என்று அரசாங்க வக்கீல் எழுந்து சொன்னார். காகிதங்களின்படி, முதல் நாள் காலையில்தான் அவன் பேருந்து நிலையத்தருகே பிடிபட்டானாம்! ஐந்து நாளாக ஊரெல்லாம் தேடிய அம்மாள் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மனு முடித்து வைக்கப்பட்டது. எல்லாம் மூன்று நிமிஷத்துக்குள். அன்று மாலையே சிறையில் மனுப் போட்டுப் பையனைப் பார்த்துவிட்டு வந்தார். "இளைச்சுப் போயிட்டான். ஆனா இருக்கான் சார்" என்றார்.

இருக்கிறான்! ஒரு மனிதனைப் பற்றிச் சொல்லக்கூடிய செய்திகளில் இதைவிடச் சிறியதும் இல்லை. இதைவிடப் பெரியதும் இல்லை.

வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பையன் குற்றவாளிதான். ஒரு திருட்டில் அவனுக்குப் பங்கு இருந்தது. வழக்கு நடந்து தண்டனையும் பெற்றான். அப்படியானால் அந்த அம்மாள் போட்ட மனு வீணா? குற்றவாளிக்குப் பரிந்து நின்றதற்காக அவரும் அந்த வக்கீலும் வெட்கப்பட வேண்டுமா? இந்தக் கேள்வி பல காலம் என் மனத்தில் கிடந்தது.

ஆட்கொணர்வு மனு என்பது ஆங்கில நாட்டுச் சட்டத்தில் நெடுங்காலமாக வேரூன்றிய வழக்கம். 1679ஆம் ஆண்டில் அதற்கென்று அங்கே ஒரு தனிச் சட்டமே செய்தார்கள். நம் அரசியல் சட்டத்தில் 32ஆம் பிரிவின் கீழ் சுப்ரீம் கோர்ட்டிலும், 226ஆம் பிரிவின் கீழ் ஹைகோர்ட்டிலும் இந்த மனுவைப் போடலாம். பிடிபட்ட எவனையும், பிரயாண நேரம் நீங்கலாக, 24 மணிக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் கொண்டுவர வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. தடுப்புக் காவல் சட்டங்களில் பிடித்தவர்களுக்கு அந்தக் கெடு இல்லை. ஆனால் அவர்களுக்காகவும் இந்த மனுவைப் போடலாம்.

'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்னும் லத்தீன் சொற்களில் இருப்பது 'உடல்'. உடலைக் கொண்டுவந்து நீதிபதியின் முன் நிறுத்து என்பது கருத்து. தமிழாக்கியவர்கள் 'உடல்' என்று சொல்லாமல் 'ஆள்' என்றார்கள். 'ஆட்கொணர்வு' என்ற சொல்லை நினைக்கும்போதெல்லாம் அந்த முகம் தெரியாத மொழிபெயர்ப்பாளரை மனத்துக்குள் வாழ்த்துவேன். ஏனென்றால் உடலுக்கும் ஆளுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை நம் அண்டை மாநிலத்தில் ஒரு தகப்பனார் பிற்பாடு அறிந்துகொண்டார்.

அவர் பெயர் ஈச்சர வாரியர். கோழிக்கோட்டில் அரசாங்கக் கல்லூரியில் ஹிந்திப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய மகன் ராஜன் அங்குள்ள ரீஜனல் எஞ்சினீயரிங் கல்லூரியில் இறுதியாண்டு மாணவன். நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். 1976ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆம் தேதி அதிகாலையில் கல்லூரி விடுதிக்கு வந்த போலீசார் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குச் சற்று முன்பு காயண்ணா என்னும் ஊரில் நக்ஸலைட்டுகள் ஒரு போலீஸ் நிலையத்தைத் தாக்கியிருந்தார்கள். அது சம்பந்தமான விசாரணை. கக்கயம் என்ற மலைப்பகுதியில் அமைந்திருந்த போலீஸ் முகாமுக்கு அவனைக் கொண்டு போனார்கள்.

கல்லூரி முதல்வர் தகவல் எழுதியதும் வாரியர் ஓட ஆரம்பித்தார். முகாமுக்குப் போனார், உள்ளே விடவில்லை. உள்துறை அமைச்சரைப் பார்த்தார். ராஷ்டிரபதி வரையில் விண்ணப்பம் எழுதினார். கிடைத்ததெல்லாம் மௌனம்தான்.

ஹைகோர்ட்டுக்குப் போவதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் அந்தக் காலத்தின் கொடுமை இருந்தது. 1975 ஜூன் 27இல் பிறந்த ஓர் உத்தரவு, உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவைக் காட்டிக் கோர்ட்டுக்குப் போகும் உரிமையை நிறுத்தி வைத்திருந்தது. அப்படியும் ஒன்பது ஹைகோர்ட்டுகள், ஆட்கொணர்வு மனுவைக் கேட்க எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தைரியமாகச் சொல்லியிருந்தன. ராஜன் பிடிபட்டு இரண்டு மாதம் ஆவதற்குள், 1976 ஏப்ரல் 28இல், சுப்ரீம் கோர்ட் அந்தக் கதவையும் சாத்தியது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர், இந்த மனுவைப் போடவே எவருக்கும் உரிமை இல்லை என்றார்கள். விசாரணையின்போது நீதிபதி எச். ஆர். கன்னா அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞரிடம், ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவனைக் கொன்றுவிட்டால்கூடப் பரிகாரம் கிடையாதா என்று கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும் வரையில் கிடையாது என்ற பொருளில் பதில் வந்தது. கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இன்னொருவருக்குப் போயிற்று. அவர் ராஜிநாமாச் செய்துவிட்டு வெளியேறினார்.

அந்த நால்வரும் சட்டம் அறியாதவர்களா? இல்லை, மேதைகள். கல் நெஞ்சர்களா? அதுவும் இல்லை. என் வீட்டு வாசலில் நான் செய்த பிழையையே அவர்கள் பெரிய மேடையில் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 'தக்க காரணம் இல்லாமல் அரசாங்கம் பிடிக்குமா?' என்ற நம்பிக்கைதான் அந்தப் பிழை. அந்த நம்பிக்கை நல்ல மனிதர்களிடம்தான் அதிகமாக இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்தானது.

1977 மார்ச் 21இல் நெருக்கடி நிலை நீங்கியது. நான்கே நாளில், மார்ச் 25ஆம் தேதி, வாரியர் கேரள ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுவைத் தாக்கல் செய்தார். மகன் பிடிபட்டு ஓராண்டும் 24 நாளும் ஆகியிருந்தன. ராஜனைப் பிடிக்கவே இல்லை என்று அரசாங்கத் தரப்பில் பிரமாணம் செய்தார்கள். உடன் பிடிபட்டவர்களும் பார்த்தவர்களும் சொன்ன சாட்சியத்தைக் கேட்ட நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் காலித்தும் அதை ஏற்கவில்லை. ராஜனைப் போலீசார் பிடித்தது உண்மை, கக்கயத்தில் வைத்திருந்தது உண்மை என்று ஏப்ரல் 13இல் தீர்ப்புச் சொல்லி, அவனைக் கொண்டுவந்து நிறுத்தும்படி உத்தரவிட்டார்கள்.

ஆளைக் கொண்டுவர முடியவில்லை. பிடிபட்ட மறுநாளே, 1976 மார்ச் 2ஆம் தேதியே, அவன் அந்த முகாமில் இறந்துபோயிருந்தான். பெஞ்சில் கிடத்திக் கட்டித் தொடைகளின்மேல் கனத்த உருளையை வைத்து உருட்டும் சித்திரவதை அங்கே நடந்தது. உடலைக் கொடுங்கள் என்றால் உடலும் இல்லை. அது இன்றுவரை கிடைக்கவில்லை. உடலைக் கேட்கும் லத்தீன் மனுவும் ஆளைக் கேட்கும் தமிழ் மனுவும் ஒருசேரத் தோற்றுப்போன இடம் அது.

ஓராண்டுக் காலம் அந்தத் தகப்பனார் ஏறி இறங்கிய படிகளையெல்லாம், அவன் இல்லாமல் போன பிறகுதான் ஏறியிருக்கிறார்! சம்பவத்தின்போது உள்துறை அமைச்சராக இருந்து, அதற்குள் முதலமைச்சராகியிருந்த கே. கருணாகரன், தீர்ப்பின் விளைவாக ஏப்ரல் 25இல் பதவி விலகினார். பின்னால் மறுபடியும் முதலமைச்சரானார். போலீஸ் அதிகாரிக்குக் கிடைத்த தண்டனை மேல்முறையீட்டில் நிற்கவில்லை. கணக்குப் பார்க்கிறவர்கள், இவ்வளவுதானா பலன் என்று கேட்கக்கூடும்.

ராஜனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும், 'பாவம், ஒரு குற்றமும் அறியாத பையன், நன்றாகப் பாடுவான்' என்று சொல்லிக் கண் கலங்குவார்கள். நானும் கலங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் கண்ணீருக்குள் ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. அவன் குற்றம் செய்தவனாக இருந்திருந்தால்? காயண்ணாத் தாக்குதலில் அவனே முன்னால் நின்றவன் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த உருளை நியாயமாகிவிடுமா? தகப்பனாரின் ஓட்டம் அநியாயமாகிவிடுமா? 'அவன் நிரபராதி' என்று நாம் அழுத்திச் சொல்லும் ஒவ்வொரு தடவையும், நிரபராதி அல்லாதவனை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று பாதி ஒப்புக்கொண்டுவிடுகிறோம். எங்கள் தெருப் பையன் குற்றவாளியாக இருந்தது ஒருவகையில் எனக்கு நல்ல பாடம். ராஜனின் கதையில் இல்லாத பாடம் அவன் கதையில் இருந்தது.

நாட்டுக்கு ஆபத்து வரும்போது இதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது. வெடிகுண்டு வைப்பவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். அவர்களைப் பிடிப்பது போலீசாரின் கடமை. ஆனால் இந்த மனு யாருடைய கையையும் கட்டவில்லை. பிடித்தது சட்டப்படிதான் என்றால், உத்தரவைக் காட்டிவிட்டு ஆளைத் திரும்ப அழைத்துப் போகலாம். மனு கேட்பது விடுதலையைக்கூட அல்ல, முதலில் வெளிச்சத்தைத்தான். வெளிச்சத்தைக் கண்டு பயப்படும் காவல், நாட்டைக் காக்கும் காவலாக இருக்க முடியுமா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மற்ற வழக்குகளில் பொதுவாகப் பாதிக்கப்பட்டவன்தான் கோர்ட்டுக்கு வர வேண்டும். இதில் தாய் வரலாம், தகப்பன் வரலாம், மனைவி வரலாம், சிற்றன்னை வரலாம், சிநேகிதன் வரலாம். பூட்டிய அறைக்குள் இருப்பவன் எப்படிக் கையெழுத்துப் போடுவான்? ஆகவே அவன் இல்லாததை உணர்கிறவனுக்குச் சட்டம் பேச இடம் கொடுக்கிறது. சட்டப் புத்தகங்களில் பாசத்துக்கு இடம் இல்லை என்று நினைத்திருந்தேன். இந்த ஓர் இடத்தில் இருக்கிறது.

உறவே இல்லாதவனுக்கு? அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, அங்கே இன்னொரு கைதியைச் சித்திரவதை செய்ததைக் கண்டு, சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்று 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். எழுதியவரும் கைதி; யாருக்காக எழுதினாரோ அவரும் கைதி. இருவருக்கும் ரத்த சம்பந்தம் இல்லை. 'அவனுக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்டவுடன் உறவாகிவிட்டார்கள்.

திருவாரூரில் பசு மணியடித்த கதை நமக்கெல்லாம் பாட்டி சொல்லித் தெரிந்ததுதான். சென்னை ஹைகோர்ட் வளாகத்தில்கூட மனுநீதிச் சோழனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். உறவுக்காரர் போட்ட முதல் மனு அந்த மணியோசைதான் என்று சொல்லலாம். கன்று தானே துள்ளி வந்து தேர்க்காலில் விழுந்தது என்று சொல்லச் சமாதானம் இருந்தது. ராஜவீதியில் கன்றுக்கு என்ன வேலை என்று சோழன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கதை இத்தனை நூற்றாண்டு நிலைத்ததற்கு அவன் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பலனைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1978இல் செய்த 44ஆவது திருத்தத்தின்படி, எந்த நெருக்கடி நிலையிலும் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உரிய 21ஆம் பிரிவை இனி நிறுத்தி வைக்க முடியாது. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட் தவறென்று தள்ளியது. தள்ளி எழுதியவர்களில் ஒருவர் டி. ஒய். சந்திரசூட், பழைய தீர்ப்பின் நால்வரில் ஒருவர் அவருடைய தந்தை. தந்தை மகனைத் தேடிய கதையின் ஓரத்தில், மகன் தந்தையைத் திருத்திய இந்தக் கதையும் இருக்கட்டும்.

ஆனால் ஈச்சர வாரியரின் வீட்டுக்குள் நடந்ததைத்தான் கதை எழுதுகிறவனான நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். ராஜனின் தாயார் மனநலம் குன்றியிருந்தார். மகன் இறந்துவிட்டான் என்பதை வாரியர் அவரிடம் சொல்லவில்லை. அவன் எப்போது வருவான் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அரசாங்கத்தின் வாசலில் நின்று உண்மையைச் சொல் என்று கேட்ட மனிதர், தம் வீட்டில் அந்த உண்மையை மறைத்தார். இது முரண் அல்லவா? முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு தெளிந்தது. அதிகாரிகள் மறைத்தது, சுமையைத் தங்கள் தோளிலிருந்து தள்ளிவிட. வாரியர் மறைத்தது, இருவர் சுமையையும் தாம் ஒருவரே சுமக்க. அவர் 2006இல் காலமானார். 'ஒரு அச்சன்டெ ஓர்மக்குறிப்புகள்' என்ற அவருடைய மலையாள நூல், அதாவது ஒரு தந்தையின் நினைவுக் குறிப்புகள், அந்தச் சுமையின் எடையைச் சொல்லும்.

எங்கள் தெரு அம்மாளின் பையன் தண்டனை முடிந்து வெளியே வந்தான். சில நாள் கடையில் மாவாட்டிக்கொண்டிருந்தான். பிறகு வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஒரு நாள் கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாளிடம் மனம் விட்டுச் சொன்னேன்: "அன்று ராத்திரி நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதம்மா."

"எப்படிக் கேட்டீங்க?" என்றார். அவருக்கு ஞாபகமே இல்லை.

"பையன் என்ன செய்தான் என்று."

அவர் இட்லித் துணியை உதறிப் போட்டுக்கொண்டே சிரித்தார். "தெருவிலே எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க சார். நீங்க கேட்டுட்டு, பின்னாடியே செருப்பை மாட்டிக்கிட்டு வந்தீங்களே!"

அந்த மன்னிப்புக்கு நான் தகுதியானவன்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு, யாரையோ பிடித்துக்கொண்டு போனார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம், நாக்கின் நுனிக்கு முந்திக்கொண்டு வரும் அந்தப் பழைய கேள்வியைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவர் கேட்ட கேள்வியை முதலில் கேட்டுப் பழகி வருகிறேன். இந்த வயதில் பழக்கத்தை மாற்றுவது சுலபமாக இல்லை.